நொச்சிப்பொத்தை நால்வர் கால்பந்து டீமில் சேர்ந்த விதம்

நொச்சிப்பொத்தைக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதற்கு மேல் ஒரு குன்றிமணி அளவு கூடவும் செய்ய மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். உலகத்தில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு தடவை அந்த ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் ஒரு கல்யாணத்துக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். பின்வாசலில் ஏறியதுமே கண்டக்டர், "முன்னால போங்க, போய்க்கிட்டே இருங்க" என்று சத்தம் போட்டார். அவர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். முன்வாசல் வந்தது. இறங்கினார்கள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. பதினெட்டுப் பேரும் பட்டுச் சேலையும் பட்டு வேட்டியுமாக, "நல்ல பஸ்ஸு, உக்கார வேண்டிய அவசியமே இல்ல" என்று பேசிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. வாசலுக்கு வந்த எதையும் தடுக்கக் கூடாது. விலகி நின்று, "வாங்க" என்று சொல்லி, உள்ளே விட்டு, தண்ணீர் கொடுக்க வேண்டும். குடித்து முடித்த பிறகுதான் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்கலாம். மனுஷர் என்றில்லை, கோழிக்கும் இதே மரியாதைதான். திருட வந்தவன் ஒருவன் இரண்டு செம்புத் தண்ணீர் குடித்து, பெயரும் விலாசமும் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டு வெறுங்கையோடு போனதாக ஒரு பேச்சு இருக்கிறது.

இந்த ஊர்ப் பையன்கள் படிக்க வருவது நேரிக்கரை உயர்நிலைப் பள்ளிக்கு. நானும் அங்கேதான் படித்தேன். என் பெயர் ஞானதுரை. அப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் மாமாவின் பாத்திரக் கடைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதனால் எனக்கு ஒரே ஆசை, ஒரே ஒரு மேட்ச். முதுகில் நம்பர் போட்ட பனியனோடு, ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்துக்காகக் கால்பந்து ஆட வேண்டும்.

அந்த வருஷம் பார்த்து டீமில் நாலு பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பலாச்சுளை போல ஆகிவிட்டது. என்னையும் சேர்த்து மிச்சம் ஏழு பேர். புதன்கிழமை ஐந்து மணிக்குள் பதினோரு பேரின் பட்டியல் போய்ச் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தின் பெயரையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். விளையாட்டு வாத்தியார் சேர்மதுரை சார் திங்கட்கிழமை பிரேயரில் நின்று, "டீமில் சேர விருப்பம் உள்ளவன் நாளைக்கு நாலு மணிக்கு கிரவுண்டுக்கு வா" என்றார். வந்தவர்கள் நாலே பேர். நாலு பேரும் நொச்சிப்பொத்தை.

கொம்பையா அவர்களில் யோசிக்கிறவன். அதாவது மற்ற மூன்று பேரும் அவன் யோசிக்கிறான் என்று நம்பினார்கள். மாசானம் உயரமானவன், கை நீளம். தளவாய் எதையும் பிடித்தால் விட மாட்டான். மந்திரத்துக்குக் கண் பார்வை நல்ல கூர்மை, வேறு குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஊரிலிருந்து இதுவரை யாரும் எதற்கும் தேர்வானதில்லை. மரக்கன்று நடுவதற்குக்கூட அவர்களைக் கூப்பிடுவதில்லை, ஏனென்றால் ஒரு தடவை 'வேர் வெளியே தெரியாமல் நடுங்கள்' என்று சொன்னதற்கு கன்று முழுவதையும் புதைத்துவிட்டார்கள். வேர் தெரியவில்லை என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு சேர்மதுரை சார் அவர்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "கிரவுண்டைச் சுத்தி ஓடுங்கல. நான் விசில் அடிக்கிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். சார் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது விசில் தலைமையாசிரியர் மேஜையில் தங்கிவிட்டது.

"போதும்ல, நில்லுங்க!"

"விசில் சார்!" என்று கத்திக்கொண்டே நாலு பேரும் அவரைக் கடந்து ஓடினார்கள்.

"அதான் நானே சொல்லுதேன்லா!"

அடுத்த சுற்றில் வரும்போது கொம்பையா மூச்சிரைக்கப் பதில் சொன்னான். "நீங்க சொல்லுதியன்னு நாங்க நின்னா, முன்னால நீங்க சொன்னது என்னத்துக்கு ஆகும் சார்?"

சார் விசிலை எடுத்துவர ஓடினார். அன்றைக்கு அவரும் ஓடியதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

விசில் சத்தம் கேட்டு நாலு பேரும் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். சார் ஒரு முடிவுக்கு வந்தார். இவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆளுக்கு ஒரே ஒரு வேலை சொல்லலாம்.

மாசானத்தைக் கூட்டிக்கொண்டு போய் கோலில் நிறுத்தினார். எங்கள் கோல் என்பது இரண்டு மூங்கில் கம்பு, மேலே குறுக்காக ஒரு மூங்கில், கயிற்றுக் கட்டு, அவ்வளவுதான். "ஏல, இந்தக் கோலை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. என்ன நடந்தாலும் சரி."

மந்திரத்திடம், "பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காத. வேற எதையும் பாக்காத."

கொம்பையாவிடம், "நீ பின்னால நின்னு எல்லாருக்கும் சத்தம் குடுக்கணும். வாயை மூடாத, பேசிக்கிட்டே இரு."

கடைசியாகத் தளவாயைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். "இந்தா நிக்கான் பாரு ஞானதுரை. இவன் எங்க போனாலும் பின்னாலயே போ. விட்டுறாத."

பத்து நிமிஷம் ஆடினோம். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. பெரிய மணி அடித்தது. சார் டிவிஎஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார். சொன்ன நாலு கட்டளையில் ஒன்றையாவது திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

நான் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஒரு முழம் பின்னால் தளவாய் வந்தான். டீக்கடையில் நின்றேன், நின்றான். சட்டென்று சந்தில் திரும்பி ஓடினேன், ஓடிவந்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருய்யா இது?"

"சார் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு பெரியம்மா" என்றான் தளவாய்.

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்கும் தட்டு வைத்தாள். என்னைவிட இரண்டு தோசை கூடத் தின்றான். அம்மாவுக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. என் பாய்க்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு பாய் விரித்தாள். விடிந்து நான் கக்கூஸுக்குப் போனபோது வெளியே நின்று நிமிஷத்துக்கு ஒரு தடவை, "உள்ள இருக்கியால?" என்று கேட்டான். இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேதனையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் மைதானத்தில் கோலைக் காணோம். இரண்டு குழி மட்டும் இருந்தது. பந்தையும் காணோம். சேர்மதுரை சார் குழிகளுக்கு நடுவில் நின்று, "மூங்கிலைக்கூடவா திருடுவானுவ" என்று தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது நொச்சிப்பொத்தை சாலையில் கோல் நடந்து வந்தது.

முன்கம்பை மாசானத்தின் அப்பாவும், பின்கம்பைக் கொம்பையாவும் தூக்கியிருந்தார்கள். நடுவில், குறுக்கு மூங்கிலுக்கு நேர் கீழே, மாசானம் கைகளை விரித்தபடி நடந்து வந்தான். மூங்கிலில் அவன் அம்மா காயப்போட்ட சேலை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மந்திரம் பந்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வழியில் இருந்த ஒவ்வொரு கல்லிலும் இடறி வந்தான். முந்தைய நாள் சாயங்காலம் விளையாட்டு அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்த பந்தையே பார்த்து நின்றிருக்கிறான். வாட்ச்மேன் பயந்துபோய்ப் பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"எதுக்குல கோலைப் புடுங்குன?" என்றார் சார்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டா சார்" என்றான் மாசானம். "கோலை விட்டு ஒரு அடி நகரக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கிய. அம்மா பேச்சையும் தட்டக் கூடாது. கொம்பையாதான் யோசனை சொன்னான்."

கொம்பையா பேசிக்கொண்டிருந்தான். முந்தைய நாளிலிருந்தே பேசிக்கொண்டிருந்தான். மழை, அவன் அத்தைக்குப் பல் பிடுங்கியது, வெள்ளரிக்காய் விலை என்று எல்லாம் முடிந்து, அப்போது பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. தொண்டை கட்டி, குரல் பூனைக்குட்டி மாதிரி ஆகியிருந்தது.

கோலைத் திரும்பக் குழியில் வைத்தோம். குழி தளர்ந்துபோயிருந்தது. சும்மா சாத்தி வைத்த மாதிரி நின்றது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசித் தேர்வு. நாங்கள் ஏழு பேர் ஒரு பக்கம், அவர்கள் நாலு பேர் ஒரு பக்கம். நான் முதல் பந்தை அடித்தேன். அது மெதுவாகத்தான் உருண்டு போனது. மாசானம் குனிந்து பார்த்தான். விலகி நின்றான். "வாங்க" என்றான். பந்து உள்ளே போனதும் கம்பில் மாட்டியிருந்த தன் வாட்டர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினான்.

"ஏன்ல தடுக்கல?" என்று சார் அலறினார்.

"வாசலுக்கு வந்துட்டே சார்."

"அது பந்துல!"

"யாரா இருந்தா என்ன சார்?"

இருபது நிமிஷத்தில் ஒன்பது பந்து வந்தது. ஒன்பதையும் மாசானம் வாங்க என்று சொல்லி வரவேற்றான். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது. மணி நாலரை. பட்டியலைக் கொண்டுபோகப் பியூன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். சார் விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். அந்த நிமிஷம் பனியன், நம்பர், மேட்ச் எல்லாம் போய், பாத்திரக் கடையில் நான் எவர்சில்வர் குடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"சார், இன்னும் ஒரே ஒரு சான்ஸ்" என்று நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். என் பின்னால் நின்ற தளவாயும் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

சார் எங்களைப் பார்த்தார். "சரி. ஒரே ஒரு பந்து. ஞானதுரை, நீதான் அடிக்கணும். வேணும்னே வெளிய அடிச்சேன்னு வச்சுக்கோ, உன்னைத்தான் மொதல்ல தூக்குவேன். ஏல நொச்சிப்பொத்தை! இந்தப் பந்து கோலுக்குள்ள போகக் கூடாது. போகலன்னா நாலு பேரும் டீமு. போச்சுன்னா எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

நால்வரும் ஆலோசனைக்கு இரண்டு நிமிஷம் கேட்டார்கள். கோலடியில் கூடினார்கள். தளவாய் மட்டும் என் பின்னால் இருந்தபடியே கத்திக் கலந்துகொண்டான்.

"பந்தைத் தடுக்கக் கூடாது, அது ஊர் வழக்கம். பந்து உள்ள போகவும் கூடாது, அது சார் சொன்னது. ரெண்டையும் காப்பாத்தணும்" என்றான் கொம்பையா கீச்சுக் குரலில்.

"கதவு இருந்தா சாத்திரலாம்" என்றான் மந்திரம், பந்தைப் பார்த்தபடி.

"ஆளு வரும்போது மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துவாவளால? நாளைக்கு ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?" என்று கேட்ட மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீட்டுல ஆளில்லன்னு சொல்லிப் பாப்பமா?" என்றான் தளவாய்.

"பந்துகிட்ட போயிப் பொய் சொல்லச் சொல்லுதியால?" என்று மூன்று பேரும் அவனைக் காறித் துப்பாத குறையாகப் பார்த்தார்கள். மந்திரம் பந்தைப் பார்த்துக்கொண்டே அவனை அப்படிப் பார்த்தான்.

கொம்பையா நெற்றியைத் தேய்த்தான். "எங்க சித்தப்பா தெக்க இருந்த வாசலை அடைச்சிட்டு வடக்க வாசல் வச்சாருல்லா? யாராவது குத்தம் சொன்னாவளா?"

"இல்ல."

"பழைய நெனப்புல தெக்க வந்தவியளை அவரு தடுத்தாரா?"

"இல்லயே. அவிய தானா சுவத்தைப் பாத்துட்டுப் போயிட்டாவ."

"அப்பம் வாசலை மாத்துறதுல தப்பே இல்ல" என்றான் கொம்பையா.

சார் விசில் அடித்தார். நான் கர்த்தரை நினைத்துக்கொண்டு அடித்தேன். என் ஆயுசில் அவ்வளவு நேராக ஒரு பந்தை நான் அடித்ததில்லை. நேராகக் கோலின் நடுவுக்குப் போனது. பாழாய்ப்போன கால், அன்றைக்கென்று பார்த்துச் சரியாக வேலை செய்தது.

பந்து பாதி தூரம் வந்ததும் கொம்பையா ஒரு கம்பையும் மந்திரம் ஒரு கம்பையும் குழியிலிருந்து உருவித் தூக்கினார்கள். நடுவில் மாசானம். மூன்று பேரும் கோலோடு இடது பக்கம் பத்து எட்டு வைத்து நகர்ந்து நின்றுகொண்டார்கள். பந்து இரண்டு குழிக்கும் நடுவே போய், அப்பால் உருண்டு, வேப்பமரத்தில் முட்டி நின்றது. மாசானம் அதைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டான்.

 

"கோலுக்குள்ள போச்சா சார்?" என்று கொம்பையா கேட்டான்.

சார் பந்தைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் நாலு நாற்பது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நாலு பெயரையும் எழுதி, பியூனிடம் கொடுத்து, "வேகமா மிதிங்க" என்றார். நான் தளவாயைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் பக்கத்திலேயே இருந்ததால் அது சுலபமாக இருந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேட்ச், டவுனில். காலையில் எட்டு மணிக்கே பனியன் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எனக்கு ஒன்பதாம் நம்பர். முதுகைப் பார்க்க முடியாததால் தளவாயிடம் நாலைந்து தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாசானம் கோலை விட்டு நகர மாட்டான் என்பதால் கோலும் வந்திருந்தது. கட்டை அவிழ்த்து மூன்று மூங்கிலையும் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். சார் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சாலும் தோத்தாலும் மேட்ச் முடிஞ்சதும் வரிசையா நின்னு எதிராளிக்குக் கை குடுக்கணும். பதினோரு பேரும் ஒண்ணாவே இருக்கணும்" என்றார்.

பஸ் வந்தது. சார் முதலில் ஏறிக் கண்டக்டரிடம் டிக்கெட் எடுக்க நின்றார். மாசானம், கொம்பையா, மந்திரம் மூன்று பேரும் மூங்கிலோடு பின்வாசலில் ஏற, அவர்களுக்குப் பின்னால் நாங்கள் ஏழு பேரும், என் பின்னால் தளவாயும் ஏறினோம்.

"முன்னால போங்கப்பா, போய்க்கிட்டே இருங்க!" என்றார் கண்டக்டர்.

"ஏல, வேண்டாம்!" என்று கத்துவதற்குள் மூங்கிலின் முன்முனை முன்வாசல் வழியாக வெளியே போய்விட்டது. பின்னாலேயே அவர்களும் போனார்கள். அவர்களைப் பிடித்து இழுத்து வர நாங்கள் ஏழு பேரும், என் பின்னால் தளவாயும் குதித்து இறங்கினோம். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. பின் ஜன்னலில் பன்னிரண்டு டிக்கெட்டோடு சேர்மதுரை சாரின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

அடுத்த பஸ் பன்னிரண்டு மணிக்கு. அவ்வளவுதான், மேட்ச் போச்சு. ஒன்பதாம் நம்பர் பனியனோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். தளவாயும் பின்னால் உட்கார்ந்து, என்ன விஷயம் என்று தெரியாமலே அழுதான்.

கொம்பையா யோசித்தான். "ஏன் அழுதிய? நம்ம கோலு எங்க இருக்கு?"

"இங்கனதான்" என்றான் மாசானம்.

"அப்பம் டவுன்ல இருக்கிறவன் எப்படி நமக்கு கோல் போடுவான்? நாம இன்னும் தோக்கல."

எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. அந்தப் பேச்சு அப்போது நியாயமாகப் பட்டது. எழுந்து போய் ரோட்டோரப் பொட்டலில் குழி தோண்டினேன். மற்றவர்களும் வந்தார்கள். இந்தத் தடவை கோல் ஆடக் கூடாது என்று நாங்கள் விவரமான ஏழு பேரும் கல்லும் மண்ணும் போட்டு நன்றாக இறுக்கி நட்டோம். மணி சரியாகப் பதினொன்று ஆனதும் கொம்பையா ஆட்டம் ஆரம்பம் என்று அறிவித்தான். மந்திரம் கையில் இருந்த பந்தை வாங்கி நடுவில் வைத்தோம். எதிரணி டவுனில் இருந்ததால் முதல் பாதி அமைதியாகப் போனது.

இரண்டாம் பாதியில் ஓர் ஆடு வந்தது. கறுப்பு ஆடு, ஒற்றைக் கொம்பு. பந்தை மோந்து பார்த்தது. பிறகு தலையால் முட்டியது.

கால்பந்தில் தலையால் முட்டலாம். மந்திரம் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அது எங்கே போகிறது என்று பார்த்தான். நேராகக் கோலை நோக்கிப் போனது. பின்னாலேயே ஆடும் போனது.

"வாசலை மாத்துங்கல!" என்று கொம்பையா கீச்சிட்டான். ஆளுக்கு ஒரு கம்பைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. விவரமான ஏழு பேர் நட்டது அல்லவா? மாசானம் ஒரு நிமிஷம் தவித்தான். பிறகு விலகி நின்றான்.

"வாங்க" என்றான். பந்தும் ஆடும் உள்ளே போயின.

ஒன்று, பூஜ்யம். கடைசிவரை எங்களால் திருப்பிப் போட முடியவில்லை. எதிரணிக்குக் கோலே கிடையாது என்பது ஒரு காரணம்.

பன்னிரண்டரை மணிக்கு டவுன் பஸ்ஸில் சேர்மதுரை சார் வந்து இறங்கினார். நாங்கள் வரிசையாக நின்று ஆட்டுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தோம். நானும் கொடுத்தேன். முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது, நல்ல ஆடு. அழுகையெல்லாம் எனக்கு எப்போதோ நின்றுவிட்டது. முதுகில் நம்பரோடு நான் ஆடிய ஒரே மேட்ச் அது.

சார் அருகில் வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், இறுக்கி நட்ட கோலைப் பார்த்தார். பையிலிருந்து விசிலை எடுத்து, ஆட்டம் முடிந்ததற்கு அடையாளமாக நீளமாக ஒரு தடவை ஊதினார். பிறகு நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"கோல் போட்டவன் பேரு என்னல?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றான் மாசானம், பாட்டில் மூடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "தண்ணி குடிச்ச பொறவுதான் கேக்கணும்."

ஆடு நிதானமாகக் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை சார் நோட்டைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார்.